மணலைத் தோண்டி எடுத்த ஓர் இயந்திரத்தின் கதை

பத்திரிகை அலுவலகங்களில் நெடுங்காலம் வேலை செய்தவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். ஒரு விபத்து நடந்த மறுநாட் காலையில் அச்சாகும் செய்தி, அந்த விபத்துப் பற்றிய முழுச் செய்தியன்று. ஆயினும் மக்கள் மனதில் நிலைத்து நிற்பது பெரும்பாலும் அந்த முதற் செய்திதான். பின்னர் எத்தனை விசாரணைகள் நடந்தாலும், எத்தனை திருத்தங்கள் வெளிவந்தாலும், முதல் நாள் எழுதப்பட்ட வரிகளை அழிப்பது எளிதன்று. இந்த எண்ணம் எழும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய ஓட்டப்பந்தயக் காரின் வரலாறு நினைவுக்கு வரும். ஒரு மனிதனைக் கொன்றதாகப் பழி சுமந்து 42 ஆண்டுகள் மணலுக்குள் கிடந்த கார் அது. அதனை ஒரு தொழில்நுட்ப விரிவுரையாளர் தோண்டி எடுத்து, தன் வீட்டுக் கராஜில் வைத்து மீண்டும் இயங்கச் செய்தார். அந்தக் காரின் பெயர் பாப்ஸ்.

இக்கதையைக் காரிலிருந்து தொடங்குவதைவிட அதன் இயந்திரத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம். ஏனெனில் கார் பிறப்பதற்கு முன்னரே இயந்திரம் பிறந்துவிட்டது. அதுவும் ஒரு போரின் தேவைக்காகப் பிறந்தது.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியபோது அதனிடம் சொல்லிக்கொள்ளத்தக்க போர்விமான இயந்திரம் எதுவும் இருக்கவில்லை. அவ்வாண்டு மே மாத இறுதியில், பக்கார்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி வின்சென்ற், ஹோல்-ஸ்கொட் நிறுவனத்தைச் சேர்ந்த எல்பேட் ஹோல் என்னும் இரு பொறியியலாளர்களும் வொஷிங்ரனிலுள்ள வில்லார்ட் விடுதியின் அறையொன்றில் அமர்த்தப்பட்டனர். ஒரு வாரத்துக்குள் அவர்கள் அடிப்படை வரைபடங்களைத் தீட்டி முடித்தனர். ஜூலைத் தொடக்கத்தில் எட்டுச் சிலிண்டர் கொண்ட மாதிரி இயந்திரம் தயாரானது. ஓகஸ்ட் மாதத்தில் பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரம் சோதனை மேடையில் ஓடியது. அதற்கு லிபேர்ட்டி, அதாவது சுதந்திரம், என்று பெயர் சூட்டினர்.

அவ்வளவு விரைவாக அதனை வடிக்க முடிந்ததற்குக் காரணம் அவர்கள் புதிதாக எதனையும் கண்டுபிடிக்க முயலாமையே. ஏற்கனவே சோதித்து நிரூபிக்கப்பட்ட உறுப்புகளையே தேர்ந்தெடுத்து ஒன்றிணைத்தனர். ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனியான உருக்கு உருளை; அதனைச் சுற்றி நீர் ஓடுவதற்கான மெல்லிய தகட்டுறை. ஆறு ஆறாக இரண்டு வரிசையில், 45 பாகைக் கோணத்தில், அலுமினிய அடிப்பெட்டி ஒன்றின் மீது அவை பொருத்தப்பட்டன. சிலிண்டரின் உள்விட்டம் 127 மில்லிமீற்றர். பிஸ்ரன் மேலும் கீழும் செல்லும் தூரம் 178 மில்லிமீற்றர். மொத்தக் கொள்ளளவு 27 லீற்றர். வலு 400 குதிரைவலு. நமது வீதிகளில் ஓடும் சாதாரணக் கார் ஒன்றின் இயந்திரம் ஒன்று அல்லது ஒன்றரை லீற்றர் என்பதை மனதிற்கொண்டால் இதன் பருமன் விளங்கும். பக்கார்ட், லிங்கன், ஃபோர்ட் முதலிய நிறுவனங்கள் 20,000க்கு மேற்பட்ட லிபேர்ட்டி இயந்திரங்களைச் செய்து குவித்தன. லிங்கன் நிறுவனம் தொடங்கப்பட்டதே இந்த இயந்திரத்தைச் செய்வதற்காகத்தான். ஆனால் 1918 நவம்பரில் போர் முடிந்துவிட்டது. ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் வேலையின்றிக் களஞ்சியங்களில் தேங்கின, மலிவாக விலைபோயின.

அவ்வாறு விலைபோன இயந்திரங்களுள் ஒன்று இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில், கன்ரபரிக்கு அருகிலுள்ள ஹைஹம் பார்க் என்னும் மாளிகைக்கு வந்து சேர்ந்தது. அதன் உரிமையாளர் லூயி ஸ்பொரொவ்ஸ்கி என்னும் இளம் பிரபு. 1895இல் பிறந்தவர். அவருடைய தந்தையும் காரோட்டப் பந்தயப் பிரியர். 1903இல் பிரான்சின் லா ரூர்பி மலையேற்றப் பந்தயத்தில் உயிரிழந்தவர். பெருஞ்செல்வத்துக்கு வாரிசான மகன், மாளிகை வளவிலேயே தொழிற்கூடம் அமைத்து, பொறியியலாளர் கிளைவ் கலப்பின் துணையுடன், விமான இயந்திரங்களைக் கார்ச் சட்டங்களில் ஏற்றிப் பந்தயக் கார்கள் செய்தார். அவற்றுள் முதலாவதான சிற்றி பாங் பாங் என்னும் காரின் பெயரைத்தான் 1964இல் இயன் ஃபிளெமிங் தமது சிறுவர் கதைக்கு எடுத்துக்கொண்டார். அக்கார்களுள் யாவற்றிலும் பெரியது லிபேர்ட்டி இயந்திரம் பூட்டப்பட்ட ஹைஹம் ஸ்பெஷல். அதற்குப் பழைய பென்ஸ் பந்தயக் காரொன்றின் கியர்ப் பெட்டியைப் பொருத்தி, பின் சில்லுகளை இருபுறமும் சங்கிலிகளால் இயக்கினர். ஆனால் அக்காரின் முழு வலிமையைக் காண ஸ்பொரொவ்ஸ்கிக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1924 ஒக்ரோபர் 19இல் இத்தாலியின் மொன்சா பந்தயத்தில் மெர்சிடிஸ் கார் ஒன்றைச் செலுத்தியபோது அவரும் இறந்தார். அப்போது அவருக்கு வயது 29.

அவருடைய உடைமைகள் விற்பனைக்கு வந்தபோது ஹைஹம் ஸ்பெஷலை 125 பவுணுக்கு வாங்கியவர் ஜோன் கொட்ஃப்ரி பரி-தோமஸ். 1884இல் வேல்ஸின் ரெக்ஸம் நகரில், கிறிஸ்தவ மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர். லேலண்ட் மோட்டார் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளராக இருந்து, 1920இல் அந்நிறுவனம் வெளியிட்ட லேலண்ட் எய்ற் என்னும் ஆடம்பரக் காரை வடிவமைத்தவர். அக்கார் வணிகத்தில் வெற்றிபெறவில்லை. தோமஸ் வேலையை விட்டார். இலண்டனுக்குத் தென்மேற்கே புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தின் உள்வளவிலேயே ஒரு வீட்டில் குடியேறினார். வீடும் தொழிற்கூடமும் பந்தயத் தடமும் அவருக்கு ஒன்றாகிவிட்டன.

ஸ்பொரொவ்ஸ்கியின் காரை அவர் அப்படியே ஓட்டவில்லை. இயந்திரத்தைப் பிரித்து, தாமே வடிவமைத்த பிஸ்ரன்களைப் போட்டார். நான்கு செனித் கார்பரேற்றர்களைப் பொருத்தினார். காற்றைக் கிழித்துச் செல்லத்தக்க நீண்ட கூம்பு வாலுடன் உடற்பகுதியை மாற்றியமைத்தார். பாப்ஸ் என்று புதுப் பெயரும் இட்டார். 1926 ஏப்ரலில் வேல்ஸின் தென்மேற்குக் கரையிலுள்ள பென்டைன் மணற்கரைக்கு அதனைக் கொண்டுசென்றார். அலை வற்றியதும் பல மைல் நீளத்துக்குத் தட்டையாக, இறுகிக் கிடக்கும் கடற்கரை அது. அக்காலத்தில் பிரித்தானியாவில் அத்தகைய வேகத்துக்கு இடங்கொடுக்கும் வீதி எதுவும் இல்லை. ஏப்ரல் 27ஆம் நாள் மணிக்கு 169.30 மைல் வேகத்தை எட்டினார். மறுநாள் 171.02 மைல், ஏறத்தாழ 275 கிலோமீற்றர். அதற்கு முந்திய மாதந்தான் ஹென்றி சீக்ரேவ் நிறுவியிருந்த 152.33 மைல் சாதனையை, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவசரத்தில் வரையப்பட்ட ஒரு போர்க்கால இயந்திரத்தைக் கொண்டு அவர் வெகு தூரம் பின்தள்ளிவிட்டார்.

அந்தச் சாதனை ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1927 பெப்ரவரி 4ஆம் நாள் அதே பென்டைன் கரையில் மல்கம் கம்பல் தமது புளூ பேர்ட் காரில் மணிக்கு 174 மைலைத் தாண்டினார். இழந்ததை மீட்க மார்ச் 3ஆம் நாள் தோமஸ் பாப்ஸுடன் மீண்டும் அங்கு வந்தார். பெருவேகத்தில் சென்றுகொண்டிருந்தபோது கார் நிலைதடுமாறிப் புரண்டது. தலையிற் பட்ட காயத்தால் அவர் அவ்விடத்திலேயே இறந்தார். நில வேகச் சாதனை முயற்சியில் உயிர்நீத்த முதலாவது ஓட்டுநர் அவரே. 26 நாட்கள் கழித்து, மார்ச் 29இல், அமெரிக்காவின் டேற்ரோனாக் கரையில் சீக்ரேவ் 203 மைலைத் தாண்டினார். தோமஸ் உயிரைக் கொடுத்துத் தேடிய எண் ஒரு மாதத்துக்குள் பழங்கதையாகிவிட்டது.

இனிச் செய்திக்கு வருவோம். வலப்புறச் சங்கிலி அறுந்து, சாட்டைபோற் சுழன்று வந்து ஓட்டுநரின் தலையைத் தாக்கியது என்பதே பரவிய கதை. நம்பத்தக்க கதையுங்கூட. ஓட்டுநரின் ஆசனத்துக்கு அருகே, முழங்கைக்கு எட்டும் தூரத்தில் சுழல்வது அந்தச் சங்கிலி. விபத்தின் பின்னர் சங்கிலி அறுந்து காணப்பட்டது. மனிதரின் காயம் தலையில் இருந்தது. இரண்டையும் ஒரு கோட்டால் இணைப்பதற்கு எந்தச் செய்தியாளரும் நெடுநேரம் யோசிக்கமாட்டார். நானாயினும் அன்று அவ்வாறே எழுதியிருப்பேன்.

தோமஸின் உடல் புரூக்லண்ட்ஸுக்கு அருகிலுள்ள பைஃபிளீற் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது. காரைப் பென்டைன் மணற்குன்றுகளுக்கிடையே குழி தோண்டிப் புதைத்தனர். ஒரு மனிதனைக் கொன்ற இயந்திரத்தை இனி ஒருவரும் ஓட்டலாகாது என்ற உணர்வை நாம் விளங்கிக்கொள்ளலாம். ஆனால் அவ்வாறு புதைத்தபோது துக்கத்தோடு சேர்ந்து தடயமும் புதைந்தது. எது முதலில் உடைந்தது என்ற வினாவுக்குரிய விடை அந்த உருக்குக் குவியலுக்குள் இருந்தது. அதனை வாசிக்க இனி எவராலும் முடியாது என்ற நிலையில், சங்கிலிக் கதை மறுப்பாரின்றி வரலாறாகிவிட்டது. பின்னாளில் அந்த மணற்குன்றுகள் இராணுவத்தின் ஆயுதப் பரிசோதனைப் பிரதேசத்துக்குள் அடங்கிவிட்டமையால் கார் இன்னும் எட்டாத இடத்துக்குப் போயிற்று.

1969இல் ஓவன் வின் ஓவன் என்பவர் அதனை வெளியே எடுத்தார். வட வேல்ஸின் பாங்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் விரிவுரையாளர். பெரும் செல்வரல்லர், பெரிய நிறுவனமொன்றின் அதிபருமல்லர். தோமஸின் குடும்பத்தினரிடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் அனுமதி பெற்ற பின்னரே அவர் மணலில் கைவைத்தார். இது முக்கியமானது. புதைகுழி ஒன்றைத் திறப்பது போன்ற அந்தக் காரியத்தில், உரியவர்களின் சம்மதத்தை முதலிற் பெறுவதே மரியாதை. குழிக்குள் இருந்தது மனித உடலன்று என்பது உண்மையே. ஆயினும் ஒருவரின் மரணத்தோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பொருளை வெறும் பழைய இரும்பாக எண்ணி அள்ளிச் செல்ல முடியாது.

எடுக்கப்பட்ட எச்சங்கள் வட வேல்ஸ் மலைப்பகுதியிலுள்ள கபெல் கியூரிக் என்னும் சிற்றூருக்கு, அவருடைய இருப்பிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அதன்பின் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அந்த வேலையிலே கழிந்தன.

கடலோர மணலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்த இயந்திரத்துக்கு என்ன நேரும் என்பதைச் சற்று விளக்க வேண்டும். உருக்கின் மீது துரு ஏறும்; ஆனால் உள்ளே எண்ணெய் ஊறிய பகுதிகள் வியக்கத்தக்க அளவு காலத்தைத் தாங்கும். உண்மையான சேதம் அலுமினியத்துக்குத்தான். உப்பு ஈரத்தில் உருக்கும் அலுமினியமும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு சிறிய பற்றரி உருவானதற்கு ஒப்பாகும். அதில் அலுமினியம் தன்னை இழந்துகொண்டே போகும். உருக்கு ஓரளவு தப்பும். வெளித்தகடுகளிலிருந்து அடிப்பெட்டி வரை அலுமினியம் நிறைந்த ஒரு வாகனத்துக்கு இதைவிடக் கொடிய படுக்கை வேறில்லை.

வீட்டில் வைத்து இத்தகைய இயந்திரத்தைப் புதுப்பிப்பவருக்கு முதல் தேவை பொறுமை. இறுகிப்போன ஆணியை ஸ்பானரால் முறுக்கினால் ஆணி அறும். அறுந்த ஆணியை எடுக்க ஒரு நாள் போகும். ஆகவே ஊடுருவும் எண்ணெயை ஊற்றிக் காத்திருக்க வேண்டும். சற்றுச் சூடாக்க வேண்டும். மீண்டும் காத்திருக்க வேண்டும். கழற்றிய ஒவ்வொரு உறுப்புக்கும் இலக்கமிட வேண்டும். பன்னிரண்டு பிஸ்ரன்களும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும்; ஆயினும் ஒவ்வொன்றும் தன் தன் சிலிண்டரில் தேய்ந்து பழகியது. அடுத்ததாக நெம்புருள்தண்டை அளக்க வேண்டும். வெண்ணுலோகத் தாங்கிகளைப் புதிதாக வார்த்துச் சுரண்டிப் பொருத்த வேண்டும். வால்வுகளை அவற்றின் இருக்கைகளில் அரைத்து அமர்த்த வேண்டும். சிலிண்டர்களுக்கு மேலே கிடக்கும் வால்வுத் தண்டுகளை நிமிர்ந்த தண்டுகளும் பற்சில்லுகளும் சுழற்றுகின்றன. பொருத்தும்போது ஒரு பல் மாறிவிட்டால் வால்வு திறக்கும் நேரமும் மாறிவிடும்.

லிபேர்ட்டிக்கு வேறொரு தனிக்குணமும் உண்டு. பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரத்தில் ஒவ்வொரு 60 பாகைக்கும் ஒருமுறை எரிபற்றல் நிகழ்வதே சீரான முறை. இரு வரிசைகளுக்கும் இடையிலான கோணம் 45 பாகையாக இருப்பதால், லிபேர்ட்டியில் அது 45 பாகைக்கு ஒருமுறையும் 75 பாகைக்கு ஒருமுறையும் மாறிமாறி நிகழும். எனவே பொறி பிறப்பிக்கும் அமைப்பும் அந்த ஒழுங்கற்ற தாளத்துக்கு ஏற்பவே இருக்க வேண்டும்.

தனிமனிதர் ஒருவருக்கு அனுகூலமான இயல்பும் அதில் இருந்தது. 27 லீற்றர் இயந்திரமாயினும் சிலிண்டர்கள் தனித்தனியானவை. ஒரே பாளமாக வார்க்கப்பட்டிருந்தால் பாரந்தூக்கியின்றி அசைக்க இயலாது. இங்கே ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டரைக் கழற்றிப் பார்த்துச் சீர்செய்யலாம். 1917இல் பல தொழிற்சாலைகளில் விரைவாகச் செய்து பூட்டுவதற்காக எடுக்கப்பட்ட முடிவு, அரைநூற்றாண்டின் பின்னர் ஒரு வீட்டுக் கராஜில் பயன்பட்டது. அதுமட்டுமன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவின் குரூசேடர் முதலிய போர்த்தாங்கிகளுக்காக நஃபீல்ட் நிறுவனம் லிபேர்ட்டி இயந்திரத்தைத் திருத்தி மீண்டும் உற்பத்தி செய்தது. ஆகையால் பாப்ஸ் மணலுக்குள் கிடந்த காலத்தில் அதன் இனம் அற்றுப்போகவில்லை. அதே அடிப்படையில் அமைந்த இயந்திரங்கள் வட ஆபிரிக்கப் பாலைவன மணலில் ஓடிக்கொண்டிருந்தன.

பாப்ஸ் எழுந்தது. அதன் இயந்திரம் மீண்டும் முழங்கியது. பொது நிகழ்வுகளில் மக்கள் முன்னிலையில் அதனை இயக்கிக் காட்டினர். பென்டைனில் 1996இல் திறக்கப்பட்ட வேக அருங்காட்சியகத்தில் அது பார்வைக்கு வைக்கப்பட்டது. தோமஸ் வாழ்ந்த புரூக்லண்ட்ஸுக்கும் சென்று வந்தது. பென்டைனில் 2023இல் புதிய அருங்காட்சியகக் கட்டடம் திறக்கப்பட்டது. ஓவன் 2012இல் காலமானார்.

இப்படிப் புதுப்பிக்கப்பட்டது பழைய பாப்ஸ்தானா என்று கேட்பவர்கள் உண்டு. மணல் தின்ற தகடுகளுக்குப் பதிலாகப் புதிய தகடுகள்; சிதைந்த உறுப்புகளுக்குப் பதிலாக வேறு உறுப்புகள். நம்மவர்க்கு இந்த வினா அவ்வளவு கடினமானதன்று. ஊர்க்கோயிற் தேரின் சில்லையும் அச்சையும் காலத்துக்குக் காலம் மாற்றுகிறோம். மரம் புதிது, வடம் புதிது, எனினும் பாட்டன் இழுத்த தேரையே நாமும் இழுக்கிறோம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஒரு பொருளின் தொடர்ச்சி அதன் பருப்பொருளில் மாத்திரம் இல்லை; அதனைப் பேணியவர்களின் கைமாற்றத்திலும் இருக்கிறது.

ஆனால் தேருக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாப்ஸ் ஒரு சாட்சியுமாகும். சாட்சியைப் புதுப்பிக்கும்போது சாட்சியம் அழிந்துவிடலாம். முறிந்ததைப் பொருத்தி, வளைந்ததை நிமிர்த்தி, துருவைத் துடைத்துவிட்டால், எது எப்படி முறிந்தது என்று பின்னர் எவரும் சொல்ல இயலாது. ஆகவே இத்தகைய வேலையில் கழற்றுவதற்கு முன் பார்த்துப் பதிந்துவைப்பது, பூட்டுவதைவிடப் பெரிய கடமை. பாப்ஸ் வெளிவந்ததன் பின்னர்தான் விபத்தின் காரணம் மீண்டும் ஆராயத்தக்க பொருளாயிற்று. வலப்புறப் பின் சில்லு முதலில் நொருங்கியிருக்க வேண்டும், சங்கிலி அறுந்தது அதன் விளைவே என்ற கருத்து வலுப்பெற்றது. கார் புரண்டபோதே தலையில் காயம் ஏற்பட்டிருக்கலாம் என்று கொண்டால், சாட்டைபோற் சுழன்ற சங்கிலி என்ற அந்தப் பயங்கரக் காட்சிக்கே தேவை இல்லாமற் போகிறது.

ஆயினும் இன்றைக்கும் பரி-தோமஸின் பெயரைச் சொன்னால் பலர் சொல்வது சங்கிலிக் கதையையே. அக்கதை பார்வைக்கு எளிது, பயங்கரமானது, ஒரே வரியில் சொல்லி முடிக்கத்தக்கது. சில்லின் கம்பிகளைப் பற்றிய விளக்கத்துக்கு அந்த வசதி இல்லை. முதல் நாட் செய்தியின் வலிமை அத்தகையது.

ஒரு விபத்தை எழுதி முடித்துவிட்டு அடுத்த செய்திக்குச் செல்வது எங்கள் தொழில். அது தவிர்க்க முடியாததுங்கூட. அச்சு இயந்திரம் காத்திராது. ஆனால் யாரோ ஒருவர், சம்பளமின்றி, தன் வீட்டு மூலையில் அமர்ந்து, பதினைந்து ஆண்டுகளாக ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி, நாங்கள் எழுதியது சரிதானா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். தோமஸின் பெயருக்குச் செய்யப்பட்ட மிகப் பெரிய மரியாதை, அவருடைய காரைத் துக்கத்தோடு புதைத்தது அன்று என்றே நினைக்கிறேன். அவர் செய்த வேலையை ஒவ்வொரு உறுப்பாக மதித்து, விளங்கி, அந்த இயந்திரத்தை மீண்டும் ஓடவைத்ததே அது.